முகவரியும் வழியும்

பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களிலே வாழ்கின்ற நம்போன்றோர்க்குக் கடிதம் என்பது வெறும் காகிதம் அன்று. ஊரின் மணத்தைச் சுமந்து வரும் தூது அது. அத்தூது எந்த வழியாக நம்மை வந்து அடைகிறது, அவ்வழியை அறிந்தவர் யார், வழி மாறும்போது அம்மாற்றத்தை அவர் எவ்வாறு தெரிந்துகொள்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்போமானால், முகவரி எழுதுவதன் பின்னே நெடியதொரு வரலாறு மறைந்து கிடப்பதைக் காண்போம். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு தபால் கார்டு இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு நாகபுரியிலிருந்து என் பாட்டனாருக்கு வந்தது. நாகபுரியில் வேலை பார்த்துவந்த அவருடைய தமையனார் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் இருந்தார். தம்பியைக் காண விரும்பி, பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்த கார்டு அது. வழக்கமாகத் தாமே முகவரி எழுதும் பழக்கமுடையவர், அன்று எழுத இயலாமையால், ஊர்ப் பெயரை வாயாற் சொன்னார். நோயின் மயக்கத்தில் அவர் நினைவுக்கு வந்தது இளமையில் விட்டுப் பிரிந்த ஊர்: “பாளையம், வட ஆற்காடு ஜில்லா.” கார்டு வேலூருக்குச் சென்றது; பெயரில் பாளையம் என்னும் முடிவுடைய வேறிரண்டு ஊர்களுக்குச் சென்றது; மீண்டும் வேலூருக்குத் திரும்பியது; பத்தொன்பது நாட்களுக்குப் பின்னர்ச் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்திலே என் பாட்டனார் கையை அடைந்தது. அதற்குள் தமையனாரின் இறுதிச் சடங்குகள் முடிந்துவிட்டன.

இதில் எவரைக் குறை கூறுவது? சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சிறுவராய் ஊரை விட்டுப் புறப்பட்ட 1910-ஆம் ஆண்டிலே பங்காருபாளையம் வட ஆற்காடு மாவட்டத்தைச் சார்ந்ததாகவே இருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரமும் அப்போது சித்தூரே. 1911 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் சென்னை இராஜ்யத்திலிருந்து ஆந்திர இராஜ்யம் பிரிந்தபோது அவ்வூர் ஆந்திரத்திற் சேர்ந்தது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசத்தின் பகுதியாயிற்று. ஊர் இம்மியும் நகரவில்லை. அதன் மேலே எழுதப்படும் பெயர்கள்தாம் மாறிக்கொண்டிருந்தன. தமையனாரின் உள்ளத்தில் இருந்த வரைபடம் மட்டும் 1910-லேயே நின்றுவிட்டது. பழைய வரைபடத்தை நம்பிப் புறப்பட்ட கடிதம் வழி தவறியது.

ஆகவே, கடிதப் போக்குவரத்தின் உயிர்நாடி குதிரையும் இரயிலும் மட்டுமல்ல. ‘எந்த ஊர் எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வழி செல்வது’ என்னும் அறிவு. அவ்வறிவு நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இந்த ஒரு தேவையை மனிதன் எவ்வாறெல்லாம் நிறைவேற்ற முயன்றான் என்பதே நம் கதை.

பழங்காலத்திலே வழி என்பது ஓட்டக்காரனின் காலில் இருந்தது. மணி கட்டிய ஈட்டியைத் தோளில் சார்த்தி, தபால் பையைச் சுமந்து, காடும் மலையும் கடந்து ஓடிய அவனுக்குத் தெரிய வேண்டியது தன் எல்லை மட்டுமே. அடுத்த சாவடியில் இருப்பவனிடம் பையை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவான். பங்காருபாளையத்திற்கு மேற்கே மொகிலிக் கணவாய் ஏறினால் பலமனேர். அதற்கு அப்பால் மைசூர் நாடு. மைசூர் அரசர்கள் ‘அஞ்சே’ என்ற பெயரிலே தமக்கெனத் தனித் தபால் முறை நடத்தி வந்தனர். 1889-ல்தான் அது பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு இணைந்தது. திருவிதாங்கூரில் ‘அஞ்சல்’ என வழங்கிய சொல்லும் இவ்வினத்தைச் சார்ந்ததே. இன்று தமிழர் யாவரும் வழங்கும் ‘அஞ்சல்’ என்னும் சொல்லுக்குப் பின்னே இத்தகைய பழைய மரபுகள் நிற்கின்றன.

கம்பெனியார் ஆட்சியில் 1774-ல் கல்கத்தாவிலும், 1786-ல் சென்னையிலும் தலைமைத் தபால் நிலையங்கள் தோன்றின. ஆனால் நெடுங்காலம் தபாற் கூலி தூரத்தைப் பொறுத்ததாக இருந்தது. எவ்வழி, எத்தனை மைல் என்று கணக்கிட்ட பின்னரே கட்டணம் சொல்ல முடியும். 1854-ஆம் ஆண்டில் டல்ஹவுசிப் பிரபு காலத்திலே சட்டம் மாறியது. இந்தியா முழுவதும், தூரம் எவ்வளவாயினும், எடையை மட்டும் பார்த்து ஒரே கட்டணம். மிகச் சிறிய கடிதத்துக்கு அரையணா. அந்நாளில் தபால் நிலையங்கள் 701. இந்த மாற்றம் எளிமையாகத் தோன்றினும் பெரியதொரு உண்மையை உள்ளடக்கியது: கடிதம் எழுதுபவன் வழியை அறிய வேண்டியதில்லை, ஊரை அறிந்தாற் போதும். வழியை அறியும் பொறுப்பு இலாகாவினுடையது.

அப்பொறுப்பு எளிதன்று. 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடியது. 1864-ல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு வழி திறந்தது. இரயில் பாதை செல்லும் ஊர்கள் அண்மையாயின. சித்தூர், பங்காருபாளையம், பலமனேர் வழியாகச் செல்லும் பழைய பெருஞ்சாலை இரயிலின் தயவை எதிர்நோக்கும் கிளை வழியாயிற்று. ஓர் இடத்திலே தண்டவாளம் போட்டால், நூறு ஊர்களின் வழி மாறுகிறது. ஓடும் இரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் முறை நம் நாட்டில் 1863-ல் அலகாபாதுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. பின்னர் ஆர்.எம்.எஸ். என்று எல்லோரும் அறிந்த இரயில்வே மெயில் சர்வீஸ் அதிலிருந்து வளர்ந்தது.

இரவு முழுதும் ஆடும் வண்டியில், மங்கிய விளக்கொளியில், புறாக்கூடு போன்ற அறைகளின் முன் நின்று கடிதங்களை வீசிப் போடும் சார்ட்டரை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர்ப் பெயரைப் பார்த்த அக்கணத்திலே, அது எந்த நிலையத்திற் சேரும், எந்தப் பையில் இட வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிய வேண்டும். இதற்கென்று பிரிப்புப் பட்டியல்கள் அச்சிட்டிருந்தனர். இந்தியத் தபால் நிலையங்களின் அகராதி ஒன்றையும் இலாகா அவ்வப்போது வெளியிட்டது. புதிய நிலையம் திறந்தாலும், பழையது மூடப்பட்டாலும், வண்டியின் நேரம் மாறினாலும் சுற்றறிக்கை வரும். அதைப் பார்த்துப் பட்டியலிலே கையால் திருத்தம் எழுதுவர். அகராதி அச்சாகி வருவதற்குள் அது பழையதாகிவிடும். திருத்தம் எழுத மறந்தவரின் மேசையில் கடிதம் வழி தவறும். 1947-ல் தபால் நிலையங்கள் 23,344 ஆகப் பெருகியிருந்தன என்றால், இந்த வேலையின் பளுவை நீங்களே உணரலாம்.

போதாக்குறைக்கு நம் நாட்டின் மொழிகள் பல; எழுத்துகள் பல; ஒரே பெயர் தாங்கிய ஊர்களோ எண்ணிறந்தன. பங்காருபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். ‘பங்காரு’ என்பது தெலுங்கிலே பொன்; ‘பாளையம்’ என்பது படை தங்கிய இடம், பாளையக்காரரின் ஆட்சிப் பகுதி. சித்தூர்ச் சீமையின் பழைய பாளையங்களுள் ஒன்று அது. தமிழர் ‘பாளையம்’ என்பர். தெலுங்கர் ‘பாள்யம்’ என்பர். ஆங்கிலத்தில் ‘பாலெம்’ என்று எழுதுவாரும் உண்டு. தமிழில் எழுதிய முகவரியை நாகபுரியின் சார்ட்டர் எவ்வாறு படிப்பார்?

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் ‘பின்கோடு’ என்னும் ஆறிலக்க அஞ்சற் குறியீடு வந்தது. இதனை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்து உயரதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார். மொழியறிந்த ஒருவரே மொழி தேவைப்படாத முகவரியைக் கண்டார் என்பது எண்ணத்தக்கது. பங்காருபாளையத்தின் எண் 517416. முதல் இலக்கமாகிய 5, ஆந்திரம், தெலங்கானா, கருநாடகம் ஆகியவை அடங்கிய மண்டலம்; 51, அம்மண்டலத்தில் ஆந்திரத்தின் ஒரு பகுதி; 517, சித்தூர்ப் பிரிப்பு மாவட்டம்; இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வழங்கும் தபால் நிலையம். மண்டலங்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பதாவது படைவீரர்களுக்கு உரியது. அண்டையிலுள்ள வேலூரின் எண் 632 என்று தொடங்குவதால், இவ்விரண்டையும் இனி எவரும் மயங்க இடமில்லை.

இதன் சிறப்பு யாதெனில், நாகபுரியில் இருப்பவர் பங்காருபாளையம் எங்கே என்று அறிய வேண்டியதில்லை. முன்னிலக்கங்களைப் பார்த்துத் தென்திசைப் பையில் இட்டாற் போதும். சித்தூருக்கு வந்த பின்னரே இறுதி மூன்று இலக்கங்களுக்கு வேலை. ஒவ்வொருவரும் முழு நாட்டின் வரைபடத்தையும் சுமக்கும் நிலை போய், தத்தம் பகுதியை மட்டும் செவ்வையாக அறியும் நிலை வந்தது. பாளையத்தின் அருகே புதிய கிளை நிலையம் திறந்தால், அச்செய்தியை நாகபுரியார்க்கு அறிவிக்கத் தேவையில்லை. வரைபடத்தைப் புதுப்பிக்கச் சிறந்த வழி, புதுப்பிக்க வேண்டியவர்களின் தொகையைக் குறைப்பதே.

இனி நம் காலத்திற்கு வருவோம். கணிப்பொறிகள் ஒன்றோடொன்று கடிதம் பரிமாறத் தொடங்கியபோது, இந்தப் பழைய கதை முழுவதும் மீண்டும் ஒருமுறை நடந்தது என்றால் வியப்பீர்கள். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் என்பவர் ‘யூயூசிபி’ என்னும் முறையை ஆக்கினார். ஒரு கணிப்பொறி தொலைபேசி வழியே மற்றொன்றை அழைத்துத் தன்னிடமுள்ள கடிதங்களை ஒப்படைக்கும். அது அடுத்ததை அழைக்கும். ஓட்டக்காரர் பை மாற்றிய முறையே இது. ஆனால் ஒரு சங்கடம்: வழி முழுவதையும் கடிதம் எழுதுபவரே எழுத வேண்டும். ஊர்ப் பெயர்களை வியப்புக் குறியாற் பிரித்து எழுதுவர். நம் ஊர்களைக் கொண்டு காட்டுவதாயின், ‘நாகபுரி!சென்னை!காட்பாடி!சித்தூர்!பங்காருபாளையம்!முருகேசன்’ என்பது போன்றதே அம்முகவரி. இடையில் ஒரு நிலையம் தன் தொலைபேசித் தொடர்பை மாற்றிக்கொண்டால், முகவரி செல்லாக் காசாகிவிடும். 1854-க்கு முந்திய நிலைக்கே உலகம் திரும்பிவிட்டது போலும்!

இதற்கு மருந்தாக இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, வரைபடம். ஒவ்வொரு கணிப்பொறி நிலையத்தாரும், ‘என் அண்டை நிலையங்கள் இவை, இவற்றோடு இத்தனை காலத்துக்கு ஒருமுறை பேசுகிறேன்’ என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்புவர். அக்குறிப்புகளைத் தொகுத்து, மாதந்தோறும் எல்லா நிலையங்களுக்கும் சுற்றுக்கு விடுவர். இரண்டாவது, ‘பாத்அலையஸ்’ என்னும் கணிப்பு நிரல். ஸ்டீவ் பெல்லோவின் முதலில் எழுத, பீட்டர் ஹனிமேன் திருத்தி வளர்த்த இந்நிரல், அத்தொகுப்பைப் படித்துத் தன் நிலையத்திலிருந்து ஏனைய நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் செலவு குறைந்த வழியைத் தானே கண்டுபிடித்துப் பட்டியல் இடும். தொகுப்பு வந்து சேர்ந்ததும், ஆள் துணையின்றி அதைப் பிரித்து, பழைய குறிப்பை நீக்கிப் புதியதை வைத்து, வழிகளை மீண்டும் கணக்கிடும் சிறு நிரல்களையும் பலர் எழுதினர். சார்ட்டர் சுற்றறிக்கை பார்த்துக் கையால் எழுதிய திருத்தத்தை, இயந்திரம் இரவோடிரவாகத் தானே செய்தது.

அக்கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. மணிக்கொருமுறை நடக்கும் தொடர்புக்கு மதிப்பு 500, நாளுக்கொருமுறை நடப்பதற்கு 5000, வாரத்துக்கொருமுறைக்கு 30000. நாளுக்கு மணி இருபத்து நான்கு ஆதலின், நேரத்தை மட்டும் கருதினால் 500-ஐ 24-ஆற் பெருக்கி 12000 என்றன்றோ வைத்திருக்க வேண்டும்? அவ்வாறு வைக்காததற்குக் காரணம் உண்டு. கடிதம் கை மாறும் ஒவ்வோரிடத்திலும் தவறு நேர இடமுண்டு. விரைவான பல கைகளை விட, சற்றே தாமதமான ஒரு கை மேல் என்பதை அவ்வெண்கள் சொல்கின்றன. அனுபவமுள்ள எந்தத் தபால்காரரும் இதனை ஒப்புவார்.

தானாக இயங்கும் முறைக்கு அதற்கே உரிய ஆபத்தும் இருந்தது. வரைபடத் தொகுப்புகள், தம்மைத் தாமே பிரித்துக்கொள்ளும் கட்டளைகளோடு மூட்டையாகக் கட்டப்பட்டு வந்தன. வந்த மூட்டையிலுள்ள கட்டளைகளை இயந்திரம் ஆராயாமல் அப்படியே நிறைவேற்றினால், தீயவன் ஒருவன் வரைபடம் என்ற பெயரில் அழிவுக் கட்டளை ஒன்றைச் செருகி அனுப்பிவிடலாமே! ஆதலின், மூட்டையின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படியாமல், உள்ளிருக்கும் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல்களைக் கவனமுள்ளோர் எழுதினர். கதவைத் தட்டுபவர் தபால்காரர் உடை அணிந்திருக்கிறார் என்பதற்காகவே பெட்டிச் சாவியைக் கொடுத்துவிடலாமா?

நம் நாட்டிலும் இவ்வலை விரிந்தது. 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ‘ஏர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையைத் தொடங்கியது. மும்பையிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூர் இந்திய அறிவியற் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இடங்களின் ஐ.ஐ.டி.கள் ஆகியவை அதன் தொடக்க உறுப்புகள். தொடக்கத்திலே தொலைபேசி வழியே அழைத்துக் கடிதம் பரிமாறும் முறையே அங்கும் கைகொடுத்தது. பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள்; பின்கோடு பிறந்து சரியாக இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

ஆயினும், முழு வரைபடத்தையும் ஒவ்வொருவர்க்கும் அனுப்பும் முறை நெடுநாள் நிற்கவில்லை. நிலையங்கள் பெருகப் பெருகத் தொகுப்பும் பெருத்தது. அது வந்து சேர்வதற்குள் பழையதாயிற்று. தபால் அகராதிக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்தது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த ‘டொமைன்’ பெயர் முறை அதன் இடத்தைப் பிடித்தது. அம்முறையிலும் பின்கோட்டைப் போலவே படிநிலை உண்டு. இந்தியாவுக்கு ‘இன்’ என்னும் ஈற்றுப் பெயர் 1989-ல் கிடைத்தது. ‘இன்’ என்பதன் கீழ் உள்ளவற்றை அதற்குரியவர் அறிவார். அதற்குக் கீழ் உள்ளவற்றை அடுத்தவர் அறிவார். முழுப் படம் எவரிடமும் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு: கேட்டவர்க்குச் சொல்லும் ஒவ்வொரு விடையோடும் ‘இது இத்தனை நேரத்துக்கு மட்டும் செல்லும்; அதன்பின் மீண்டும் கேட்டுக்கொள்க’ என்று ஆயுட்காலம் குறித்தே அனுப்புகின்றனர். காலாவதியாகும் அறிவை, காலாவதி நாளோடு சேர்த்துக் கொடுப்பது எத்துணை நேர்மை! 1910-ல் என் பெரிய பாட்டனார் உள்ளத்தில் பதிந்த முகவரிக்கும் அப்படி ஓர் ஆயுட்காலம் இருந்திருக்குமானால் என்று எண்ணத் தோன்றுகிறது.

தபால் துறையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எண்ணைப் படித்துக் கடிதம் பிரிக்கும் இயந்திரங்கள் 1993-ல் மும்பையிலும் 1996-ல் சென்னையிலும் அமைந்தன. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பங்காருபாளையம் சித்தூரிலேயே தங்கியது. மாவட்ட எல்லைகள் மாறினும் 517 என்னும் எண் மாறவில்லை. 2025-ல் ‘டிஜிபின்’ என்னும் புதிய முறையை அஞ்சல் துறை அறிமுகம் செய்தது. ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரமான ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பத்து எழுத்துக் குறியீடு. அது அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றினின்று நேரே கணக்கிடப்படுவது. ஜில்லா பிரிந்தாலும், இராஜ்யம் பிரிந்தாலும், ஊரின் பெயரே மாறினாலும் அக்குறியீடு மாறாது.

அப்படியானால் சிக்கல் முற்றும் தீர்ந்ததா? இல்லை, அன்பர்களே. மண்ணுக்கு எண் கொடுத்துவிடலாம்; அம்மண்ணின் மேல் இன்று வாழ்பவர் யார் என்பதை எண் சொல்லாது. ஊரும் வீடும் நின்ற இடத்தில் நிற்கின்றன. நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் நாம். யூயூசிபி வரைபடத்திலும் தொகுத்தல், பிரித்தல், கணக்கிடல் யாவற்றையும் இயந்திரம் செய்தது; ஆயின் ‘என் அண்டை நிலையம் மாறிவிட்டது’ என்ற முதற் குறிப்பை அந்நிலையத்தின் மனிதர்தாம் எழுதியாக வேண்டும். அவர் எழுதாவிட்டால், உலகின் சிறந்த நிரலும் பொய்யான வழியையே மிக விரைவாகக் கண்டுபிடித்துச் சொல்லும்.

வேலை மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் நாம் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நலம். வீடு மாறும்போது வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அறிவிக்கிறோம். ஊரிலுள்ள மூத்தவர்களுக்கு அறிவிக்கிறோமா? அவர்களுடைய குறிப்புப் புத்தகத்திலே நம் பழைய முகவரி அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறதா? நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரின் பெயர் தெரியும். அது இன்று எந்த மாவட்டத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்பது தெரியுமா? அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, அக்குறிப்புப் புத்தகத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

தகரப் பெட்டியில் உள்ள கார்டை நான் சில வேளைகளில் எடுத்துப் பார்ப்பதுண்டு. வேலூரின் முத்திரை அதில் இரு முறை விழுந்திருக்கிறது. யாரோ ஒரு சார்ட்டர், ‘வட ஆற்காடு’ என்பதைச் சிவப்பு மசியால் அடித்து, அருகிலே ‘பங்காரு?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் அறியாத அம்மனிதர், குறையாக இருந்த முகவரியை எடுத்தெறியாமல், ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறார். தாமதமாகவேனும் கார்டு வந்து சேர்ந்தது அந்த ஒரு கணத்தால்தான்.